கேம்ப் சைட்டில் 190 வோல்ட்: வானுக்குக் கரண்ட் எடுப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தைக்காரர் ஒருவர் தன் ஹையேஸ் வானைப் படுத்து உறங்கக்கூடிய மாதிரி மாற்றிக் கட்டியிருக்கிறார். உள்ளே 9000 பீடியு ஏசி, சின்ன ஃப்ரிட்ஜ், மின்சாரக் கேத்தில். அறுகம்பைப் பக்கம் ஒரு கேம்ப் சைட்டில் இரண்டு இரவு தங்கினார்கள். பகலில் எல்லாம் சரி. இரவு ஏழரை மணிக்கு ஏசியைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது. ஃப்ரிட்ஜும் கேத்திலும் ஓடும்போது அளந்தால் 190 வோல்ட். கனடாவில் இருக்கும் அண்ணா, "என் ஆர்வியில் இதே பிரச்சினைக்கு ஒரு ஆட்டோஃபோமர் வைத்திருக்கிறேன், அனுப்பி விடுகிறேன்" என்கிறாராம். (ஆர்வி என்றால் தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, ஆட்டோஃபோமர் குறைந்த வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி.) அதை வாங்கிப் பூட்டலாமா, இல்லை இங்கேயே ஒரு ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்கிறார்.

அண்ணாவின் பெட்டி வேண்டாம். ஸ்டெபிலைசர் தேவைப்படலாம், ஆனால் இப்போது வாங்க ஓடாதீர்கள். வோல்ட்டேஜ் எந்த இடத்தில் தொலைகிறது என்று தெரியாமல் அதைத் தூக்கிவிடும் பெட்டி வாங்குவது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தண்ணீர்த் தாங்கிக்குப் பெரிய மோட்டார் பூட்டுகிற கதைதான்.

அண்ணாவின் பெட்டி ஏன் ஆகாது என்பதை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்புக்குள் ஓடும் காந்தப் பாயம் வோல்ட்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்த அளவுக்குப் போகும். அங்கே 120ஐ 60ஆல் வகுத்தால் 2, இங்கே 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6. இரண்டேகால் மடங்குக்கு மேல். பூட்டிய சில விநாடிகளில் பிரேக்கர் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் புகை.

ஆனால் அண்ணா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே இது மிகப் பழைய தொல்லை. வட அமெரிக்கக் கேம்ப் கிரவுண்டுகளில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் இருக்கும். அதில் 30 அம்பியர் இணைப்பு என்றால் ஒரே 120 வோல்ட் லைன், மொத்தம் 3600 வாட். 50 அம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட் லைன் இரண்டு, மொத்தம் 12,000 வாட். கோடையில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது தூரத்துக் கம்பங்களில் வோல்ட்டேஜ் நூற்றைந்து, நூறு என்று இறங்கும். அதனால் பலர் 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக வெட்டும் பாதுகாப்புப் பெட்டி வைத்திருப்பார்கள். சிலர் அண்ணாவைப் போல, வோல்ட்டேஜ் இறங்கும்போது பத்து சதவீதம் ஏற்றிக் கொடுக்கும் ஆட்டோஃபோமர் வைத்திருப்பார்கள். அந்த 104 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி உங்கள் வான்.

மீட்டரைச் சும்மா பிளக் பேஸில் குத்தி வோல்ட்டேஜ் பார்ப்பதில் அதிகம் ஒன்றும் தெரியாது. கரண்ட் ஓடாத கம்பியில் இழப்பும் இருக்காது. குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீர் அழுத்தம் பார்ப்பது மாதிரி. சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு கேத்திலைவிட நல்ல கருவி கிடையாது. மோட்டார் மாதிரி குழப்படி செய்யாது, ஒரே அளவாகக் கரண்ட் இழுக்கும்.

ஒரு கூட்டாளியின் வானில் நான் செய்த அளவை அப்படியே தருகிறேன். 2000 வாட் கேத்தில். ஒன்றும் ஓடாதபோது வானுக்குள் 224 வோல்ட். ஆகா, நல்ல கரண்ட் என்றார் அவர். கேத்திலைப் போட்டதும் 201. கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) 7.6 அம்பியர். அதாவது 23 வோல்ட் எங்கேயோ கீழே விழுந்துவிட்டது. 23ஐ 7.6ஆல் வகுத்தால் சுமார் 3 ஓம். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து வானுக்குள் இருக்கும் பிளக் பேஸ் வரை வழியில் 3 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வீட்டு வயரிங்கில் இது ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் எக்ஸ்டென்ஷன் கோட் பூட்டியிருந்த கேம்ப் சைட் தோட்டத்து பிளக் பேஸில் (அது இரட்டை பேஸ், பக்கத்து ஓட்டை காலியாக இருந்தது) அளந்தேன். 213. சரி, கணக்குத் தெளிவாகிவிட்டது. 224லிருந்து 213 வரை 11 வோல்ட் அவர்களுடைய பக்கம். 213லிருந்து 201 வரை 12 வோல்ட் எங்களுடைய கோட். பாதிக்கு மேற்பட்ட குற்றம் எங்கள் வானின் பின்பக்கத்தில் சுருண்டு கிடந்தது!

அந்தக் கோட் 25 மீட்டர் ரீல். உள்ளே கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர். சூடேறிய நிலையில் அந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு, ஒரு அம்பியருக்கு, போக வர இரண்டையும் சேர்த்து 62 மில்லிவோல்ட் தின்னும். 25ஐயும் 7.6ஐயும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்துவிடும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால், மீட்டருக்கு அம்பியருக்கு 18 மில்லிவோல்ட்தான். மூன்றரை வோல்ட்டோடு தப்பிவிடலாம். கடைக்காரரிடம் 2.5 என்றும் கேட்கலாம், ஏழு இழை அறுபத்தேழு என்றும் கேட்கலாம். ஆனால் அந்த ஏழு இழை வயர் சுவருக்குள் போடுவது. தினமும் சுருட்டி விரிக்கும் கோட்டுக்கு அது ஆகாது, முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட, ரப்பர் உறை போட்ட மூன்று கோர் கேபிளைக் கேளுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வாங்கும்போது நுனியைச் சீவிக்காட்டச் சொல்லி, உள்ளே இருப்பது செம்புதானா என்று பாருங்கள். வெளியே செம்பு நிறம் பூசிய அலுமினியமும் சந்தையில் ஓடுகிறது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும், அப்படித் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ரீலைப் பற்றி ஒரு வார்த்தை. 25 மீட்டரில் 5 மீட்டரை மட்டும் இழுத்துப் பூட்டிவிட்டு மிச்சத்தைச் சுருளாகவே விடுவது எல்லோரும் செய்கிற பிழை. சூடு வெளியேற வழியில்லாமல் நடுச்சுருள் உருகும். பல ரீல்களின் பக்கத்தில் சுருட்டிய நிலைக்கு ஒரு அம்பியர், முழுக்க விரித்த நிலைக்கு ஒரு அம்பியர் என்று இரண்டு எண் அச்சிட்டிருப்பார்கள். யாரும் வாசிப்பதில்லை. மழை என்றாலும் சரி, நாய் கடிக்கும் என்றாலும் சரி, முழுவதையும் விரித்துப் போடுங்கள்.

சரி, இப்போது ஏசி ஏன் முனகுகிறது என்பதைப் பார்ப்போம். கேத்திலுக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் தண்ணீர் கொதிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எல்ஈடி விளக்கும் போன் சார்ஜரும் கவலையே படாது. கம்ப்ரசர் அப்படியில்லை. மோட்டாரின் முறுக்கு வலு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230க்குப் பதில் 190 என்றால் வோல்ட்டேஜ் 17 சதவீதம்தான் குறைவு, ஆனால் வலு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதோடு, புறப்படும் கணத்தில் கம்ப்ரசர் ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். உங்களுடைய 9000 பீடியு பழைய மாதிரி ஏசி ஓடும்போது 4 அம்பியர் எடுத்தால், புறப்பட 20 அம்பியர் கேட்கும். வழியில் 3 ஓம் இருந்தால் அந்தக் கணத்தில் மட்டும் 60 வோல்ட் விழும். 190 காட்டிய இடத்தில் கம்ப்ரசரின் வாயில் விழுவது 130, 140 ஆக இருக்கலாம். அதில் அது எப்படிச் சுற்றும்? நின்ற இடத்திலேயே நின்று சூடாகும், ஓவர்லோட் வெட்டும், ஆறும், திரும்ப முயலும். இரண்டு இரவு இப்படி விட்டால் வைண்டிங் கருகும். புறப்பட்டு ஓடிவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. குறைந்த வோல்ட்டேஜில் அதே வேலையைச் செய்ய அது கூடுதல் கரண்ட் இழுத்துக்கொண்டே, உள்ளே சூடாகிக்கொண்டே ஓடும்.

ஆகவே 190இல் நீங்கள் அந்த ஏசியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால், இனி வேண்டாம்.

ஸ்டெபிலைசர் போட்டால் என்ன என்ற கேள்விக்கு இப்போது வரலாம். என் சொந்த அனுபவம் ஒன்று, என் பிழைதான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திருவிழா மைதானத்தில் தெரிந்தவரின் ஐஸ்கிரீம் வான் நின்றது. ஃப்ரீஸர் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டார். போய் அளந்தால் 195. நான் யோசிக்காமல் கடையில் இருந்த 3 கேவிஏ ஸ்டெபிலைசரைக் கொண்டுபோய் நடுவில் பூட்டினேன். உள்ளே 230, ஃப்ரீஸர் குஷியாக ஓடியது, எனக்கும் ஒரு கோப்பை இலவசமாகக் கிடைத்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். மீன் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். பேக்லைட் கருகும் நாற்றம் அது, ஒருமுறை மூக்கில் ஏறினால் பிறகு மறக்காது. ஓடிப்போய் மைதானத்துக் கம்பத்தில் பார்த்தால், 13 அம்பியர் பிளக் டொப்பின் வலது பக்கம், லைவ் முள் இருக்கும் பக்கம், பழுப்பாகி வீங்கியிருந்தது. மெயினை நிறுத்திவிட்டு இழுத்தேன். முள்ளோடு பிளக் பேஸின் பிளாஸ்டிக்கும் நூல் நூலாக வந்தது.

நடந்தது என்ன? மைதானத்து பேஸின் உள்ளே லைவ் கம்பியின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. வோல்ட்டேஜ் குறைந்ததற்குக் காரணமே அந்த ஒரு இடம்தான். நான் செய்த வேலை, அந்தத் தளர்ந்த மூட்டு வழியாக இன்னும் கூடுதல் கரண்டை இழுத்தது.

இதைக் கூட்டாளியின் வான் கணக்கில் வைத்துக் காட்டுகிறேன். அங்கே ஸ்டெபிலைசர் இல்லாமல் கேத்தில் 7.6 அம்பியர் இழுத்தது, வழியில் சூடாக வீணானது சுமார் 175 வாட். ஒரு ஸ்டெபிலைசர் வைத்து கேத்திலுக்கு முழு 230 கொடுத்தால், அது 2000 வாட் கேட்கும், பெட்டியின் இழப்போடு 2100. அதை 3 ஓம் வழியே இழுக்க 11 அம்பியர் வேண்டும். வெளியே வோல்ட்டேஜ் 201லிருந்து 191க்கு விழும். கம்பி வழியில் வீணாகும் சூடு 363 வாட், இரண்டு மடங்கு. 0.75 கம்பி 6 அம்பியருக்குத்தான் சொல்லப்பட்டது, அதன் வழியே 11. உள்ளே இருப்பவருக்கோ மீட்டர் 230 காட்டும், நிம்மதியாகப் படுப்பார்.

ஆகவே ஸ்டெபிலைசர் போடலாம், எப்போதென்றால்: கோட் தடிப்பாக இருக்கிறது, பிளக் டொப் சூடாகவில்லை, மூட்டுகள் சரி, ஆனாலும் அவர்களுடைய பேஸிலேயே வோல்ட்டேஜ் குறைவு, அதுவும் சும்மா அளக்கும்போதே குறைவு. லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் இப்படித்தான் இருக்கும். அப்போது பெட்டியின் அளவை வெளியே போகும் வாட்டை வைத்து மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே வரும் அம்பியரை வைத்துப் பாருங்கள். 184 வோல்ட்டிலிருந்து 230 செய்து 5 அம்பியர் கொடுக்க, உள்ளே ஆறேகாலுக்கு மேல் வேண்டும். கம்ப்ரசருக்கு என்றால் ஓடும் வாட்டைப்போல மூன்று மடங்கு கேவிஏ எடுத்தால்தான் புறப்பாட்டைத் தாங்கும். அண்ணாவின் நாட்டில் 'ஆட்டோஃபோமர் பக்கத்து வண்டிக்காரனின் வோல்ட்டேஜைத் திருடுகிறது' என்று ஒரு ஓயாத சண்டை உண்டு. திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஹீட்டர், கேத்தில் மாதிரிச் சுமைகளுக்கு அது கூடுதல் கரண்ட் இழுப்பது உண்மை, பொது லைன் அந்த அளவுக்கு இறங்கும். மோட்டாருக்கு என்றால் வித்தியாசம் பெரிதாக இருக்காது, சரியான வோல்ட்டேஜில் மோட்டார் குறைவாக இழுப்பதால் ஏறக்குறையச் சமனாகிவிடும்.

பகலில் சரி, இரவு ஏழரைக்குப் பிழை என்று நீங்கள் சொன்னதே பாதி விடை. நம் நாட்டு மின்சாரத்தின் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஊர் முழுக்க விளக்கு, டிவி, ரைஸ் குக்கர். சட்டப்படி மீட்டரில் 230க்கு ஆறு சதவீதம் மேலேயோ கீழேயோ இருக்கலாம், அதாவது சுமார் 216 முதல் 244 வரை. இப்போது இன்னொரு வினோதமும் சேர்ந்திருக்கிறது. கூரை சோலார் நிறைய உள்ள லைன்களில் நண்பகலில் வோல்ட்டேஜ் 244ஐத் தொடும், இரவில் அதே லைன் 210க்கு இறங்கும். தெருமுனை ட்ரான்ஸ்ஃபோமரில் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் டேப் கையால் மாற்றுவது, அதுவும் கரண்டை நிறுத்திவிட்டு. இரவுக்கு ஏற்றிவைத்தால் பகலில் எகிறும். ஆகவே லைன்காரர்களைத் திட்டுவதில் அதிகப் பயன் இல்லை. ஆனாலும் மீட்டர் பெட்டியிலேயே 216க்குக் கீழே போகிறதென்றால் தோட்டத்துக்காரர் 1987 என்ற மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு எடுத்து முறையிடலாம், முறையிட வேண்டும். இரண்டு இரவு தங்க வந்தவருக்கு அதனால் பலன் இல்லை, அடுத்த மாதம் வருபவருக்கு இருக்கும்.

உடனே பலன் தரக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், பலர் கேட்க நினைப்பதில்லை. தோட்டத்துக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல இடங்களில் சமையலறை, தண்ணீர் மோட்டார், வாடகை அறைகளின் ஏசி எல்லாம் ஒரே ஃபேஸில் தொங்கும், அடுத்த ஃபேஸ் சும்மா கிடக்கும். ஒன்றில் 190 காட்டும் நேரத்தில் மற்றதில் 220 இருக்கலாம். வேறொரு பிளக் பேஸுக்கு மாறினாலே பிரச்சினை முடிந்துவிடும். எந்த பேஸ் எந்த ஃபேஸ் என்று அவர்களுடைய எலக்ட்ரீஷியனிடம் கேட்டு மாறுங்கள், நீங்களாகவே பலகையைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது சுமையைக் குறைப்பது. சமையலும் தேநீரும் காஸில். வானில் மின்சாரக் கேத்தில் வைத்திருப்பதே எனக்குப் பிடிக்காது, சோதனைக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியை ஆறு மணிக்கே போட்டு உள்ளே குளிர வைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை ஏழரைக்கும் ஓடவிடலாம், நின்ற கம்ப்ரசரை ஏழரைக்குப் புறப்படச் செய்வதுதான் கஷ்டம். தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் கீழே வைத்தால் இடையில் வெட்டாமல் ஓடும். இது ஒரு இரவைச் சமாளிக்கும் தந்திரம் மட்டும்தான், அதுவும் வோல்ட்டேஜ் 200க்குக் கீழே போகாத இடத்தில்.

நிரந்தரமாக ஏதாவது செய்ய நினைத்தால், என் காசு என்றால் நான் ஸ்டெபிலைசருக்குக் கொடுக்க மாட்டேன், பற்றரிக்குக் கொடுப்பேன். காரணம் எளிது. வோல்ட்டேஜ் விழுவது அம்பியர் இழுக்கும்போதுதான். மாலை ஏழரைக்கு 20 அம்பியர் கேட்கும் வானை, நாள் முழுக்க 3 அம்பியர் மட்டும் கேட்கும் வானாக மாற்றிவிட்டால் 190 என்ற எண்ணே உங்களுக்கு வராது. 25.6 வோல்ட், 200 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி ஒன்றில் 5 யூனிட் நிற்கும். அதை நிரப்ப 600 வாட் சார்ஜர் ஒன்பது மணி நேரம் மெதுவாக ஓடினால் போதும். 3 அம்பியரில், 3 ஓம் வழியில் விழுவது 9 வோல்ட், அந்தச் சார்ஜருக்கு அது தெரியவே தெரியாது. பல சார்ஜர்கள் 180 வோல்ட்டிலும் வேலை செய்யும், வாங்கும்போது பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஏசியும் ஃப்ரிட்ஜும் இன்வர்ட்டர் வழியாகப் பற்றரியில் ஓடும், அதற்குள் 230 எப்போதும் 230தான். வானின் கூரையில் 400 வாட் சோலார் வைத்தால் நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் வரை சேரும், ஏசிக்குப் போதாது, ஃப்ரிட்ஜுக்குத் தாராளம்.

அந்தப் பழைய ஏசியையும் மாற்றத்தான் வேண்டும். இன்வர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றத் தொடங்கி ஏறும், 20 அம்பியர் அடி கிடையாது. சின்ன வானில் இரவு முழுக்கச் சராசரி 400 வாட் எடுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மூன்றேகால் யூனிட்தான், பற்றரி தாங்கும். மாற்ற மனமில்லை என்றால் பழையதுக்கு ஒரு சொஃப்ட் ஸ்டார்ட்டர் பூட்டலாம், புறப்படும் கரண்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கானது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அமெரிக்கப் பெட்டி இதிலும் ஆகாது. ஜெனரேட்டர் பற்றிக் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அறுகம்பைக்குப் போவது அலைச் சத்தம் கேட்கத்தானே.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், வோல்ட்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் வெட்டி, திரும்பக் கொடுக்க மூன்று நிமிடமாவது காக்கும் ஒரு பாதுகாப்பு ரிலே வானின் நுழைவில் இருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஏனென்றால், கம்ப்ரசருக்குள் காஸ் அழுத்தம் சமனாக அவ்வளவு நேரம் வேண்டும். எத்தனையில் வெட்ட வைப்பது? முன்பு சொன்ன 104 வந்துவிட்டது. 120க்கு 104 என்ற அதே விகிதத்தை 230க்குப் போட்டால் 199. நான் 198இல் வெட்ட வைப்பேன், மேலே 250.

கடைசியாக ஒன்று, இது வசதி விஷயம் இல்லை, உயிர் விஷயம். கேத்திலைப் போட்டதும் வானுக்குள் விளக்கு மங்குவது வழமை. கேத்திலைப் போட்டதும் தோட்டத்தில் வேறெங்கோ விளக்கு பிரகாசமாகிறது, அல்லது மீட்டர் 190க்கும் 260க்கும் இடையில் ஊஞ்சலாடுகிறது என்றால், அது குறைந்த வோல்ட்டேஜ் இல்லை, நியூட்ரல் கழன்றிருக்கிறது. மூன்று ஃபேஸ் இடத்தில் நியூட்ரல் போனால் ஒரு பக்கம் 150 இறங்கி இன்னொரு பக்கம் 300ஐத் தாண்டும். ஒரு நிமிடமும் யோசிக்காமல் உங்கள் பிரேக்கரை இறக்கி, பிளக்கைக் கழற்றி, தோட்டத்துக்காரரைக் கூப்பிடுங்கள். அதே மாதிரி, பூட்டுவதற்கு முன்னால் லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்து பாருங்கள், லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வருவதற்குக் கிட்டவே வர வேண்டும். வராவிட்டால் எர்த் இல்லை. இரும்பு உடம்பும் ரப்பர் சக்கரமும் உள்ள வானை அப்படியான பேஸில் பூட்டி, ஈரக் காலோடு கதவைத் தொடக்கூடாது. வானுக்குள் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் ஏசியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைப் போடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை கேத்தில் சோதனை செய்து, உங்கள் கோட் எத்தனை வோல்ட் தின்கிறது என்று எழுதி வையுங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் என்றால் கேபிளை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். அண்ணா ஏதாவது அனுப்பியே தீருவேன் என்று நின்றால் நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் பேதம் கிடையாது.